காந்த எஃகு கண்ட கோட்டாரோ ஹோண்டா

ஹோண்டா என்னும் பெயரைக் கேட்டவுடன் மோட்டார் சைக்கிளும் காருமே நம் நினைவுக்கு வருகின்றன. அத்தொழிலை நிறுவிய சோயிச்சிரோ ஹோண்டா வேறு. நாம் ஈண்டு எடுத்துரைக்க விழையும் கோட்டாரோ ஹோண்டா வேறு. முன்னவர் வண்டி செய்தவர். பின்னவரோ வண்டியும் வானொலியும் மின்மானியும் எப்பொருள்களால் ஆகின்றனவோ அப்பொருள்களின் உள்ளியல்பை ஆராய்ந்தவர். அரை நூற்றாண்டுக் காலம் இரும்பையும் எஃகையும் விட்டு அகலாதிருந்தவர். தம் காலத்தில் உலகம் கண்டிராத வலிய காந்த எஃகைப் படைத்தவர். ஓர் ஆய்வகத்தை நிறுவி, ஒரு பல்கலைக்கழகத்திற்கு ஒன்பது ஆண்டுகள் தலைமை தாங்கி, எண்பதை எட்டும் வயதில் மற்றொரு பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராகவும் அமர்ந்தவர்.

ஆய்வறிஞர் ஒருவர் நிர்வாகப் பதவிக்கு வந்துவிட்டால் அவருடைய ஆய்வு அன்றோடு முடிந்துவிட்டது என்று கருதுவது உலக வழக்கம். பதவி ஏறுந்தோறும் அறிவுப் பணி இறங்குவதை நாமும் பல இடங்களில் கண்டிருக்கிறோம். அவ்வாறு நேராமல், ஆய்வுக்கூடத்தில் கற்ற ஒழுக்கத்தையே ஆட்சி முறையாகவும் ஆக்கிக்கொண்ட ஒருவரின் வரலாறு இது. பொறியியல் பயிலத் தம் மக்களை அனுப்பும் நம் குடும்பத்தார்க்கு இவ்வரலாறு பயன் தரும் என்று நம்புகிறோம்.

உழவர் குடியில் பிறந்தவர்

ஜப்பான் நாட்டில் 1868-ஆம் ஆண்டு மெய்ஜி மன்னரின் ஆட்சி நிலைபெற்றது. பன்னெடுங்காலம் வெளியுலகுக்குக் கதவடைத்திருந்த அந்நாடு, மேலைநாட்டு அறிவியலையும் தொழிலையும் வேட்கையோடு கற்கத் தொடங்கிய காலம் அது. அடுத்த இரண்டாண்டுகளில், 1870-ஆம் ஆண்டில், இன்றைய ஐச்சி மாநிலத்து ஒகசாகி நகரின் எல்லைக்குட்பட்ட ஒரு சிற்றூரில், உழவர் குடும்பத்தில் கோட்டாரோ ஹோண்டா பிறந்தார்.

டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று 1897-இல் பட்டம் பெற்றார். அங்கு அவருக்கு ஆசானாக வாய்த்தவர் ஹன்டாரோ நாகவோகா. அணுவின் நடுவே ஒரு கருவும் அதனைச் சுற்றிச் சனிக் கோளின் வளையம்போல் மின்துகள்களும் உள்ளன என்று 1904-ஆம் ஆண்டிலேயே கருத்துரைத்த பேரறிஞர் அவர். காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட இரும்பு மிக நுண்ணிய அளவில் நீள்வதும் குறுகுவதும் உண்டு. இந்நிகழ்ச்சியை ஆராயும் பணியில் நாகவோகா தம் மாணவரை ஈடுபடுத்தினார். ஹோண்டாவுக்கும் காந்தத்துக்கும் இடையே வாழ்நாள் முழுதும் நீடித்த உறவு அங்குத்தான் அரும்பியது.

ஆயினும் அவர் காந்தம் ஒன்றையே கட்டிக்கொண்டு அழுதவர் அல்லர். பிற்காலத்தில் இயற்பியலறிஞராகவும் சிறந்த கட்டுரையாசிரியராகவும் புகழ்பெற்ற டோராஹிகோ டெராடாவுடன் சேர்ந்து, வளைகுடாக்களில் கடல்நீர் குறிப்பிட்ட கால இடைவெளியில் ஏறி இறங்குவதை அளந்தார். அத்தாமி என்னும் ஊரிலுள்ள வெந்நீர் ஊற்று விட்டு விட்டுப் பீறிடுவதன் காரணத்தையும் ஆராய்ந்தார். எதையும் நேரில் சென்று, பொறுமையோடு, மீண்டும் மீண்டும் அளந்தறியும் பழக்கம் இப்பணிகளால் அவரிடம் ஊறியது.

ஜெர்மனியில் பெற்ற பயிற்சி

1907-ஆம் ஆண்டு முதல் 1911-ஆம் ஆண்டு வரை அவர் ஐரோப்பாவில் கல்வி கற்றார். கோட்டிங்கன் நகரில் குஸ்தாவ் தம்மான் என்னும் பேராசிரியர், உலோகக் கலவைகளின் இயல்பை வெப்பநிலையோடு பொருத்தி ஆராயும் துறையை வளர்த்துவந்தார். இன்ன அளவில் இன்ன உலோகங்கள் கலந்து உருகி இறுகினால் உள்ளே என்ன நேர்கிறது என்பதை வரைபடமாக வரைந்து காட்டியவர் அவர். அவரிடம் உலோகவியலைக் கற்ற ஹோண்டா, பின்னர் பெர்லின் சென்று டு புவா என்பாரின் ஆய்வுக்கூடத்தில், நாற்பதுக்கும் மேற்பட்ட தனிமங்களின் காந்த இயல்பு வெப்பநிலைக்கேற்ப எவ்வாறு மாறுகிறது என்பதை ஒவ்வொன்றாக அளந்தார். 1910-இல் வெளிவந்த அவ்வாய்வு ஐரோப்பிய அறிஞரிடையே அவருக்குப் பெயர் தேடித் தந்தது.

இயற்பியலறிஞர் கையில் இருந்தவை அளவுக் கருவிகள். உலோகவியலறிஞர் கையில் இருந்தவை உலையும் கலவையும். இவ்விரண்டையும் ஒரு கையில் ஏந்தியவர் அந்நாளில் மிகச் சிலரே. இன்று பொருளறிவியல் என்று வழங்கும் துறைக்கு அப்போது பெயரே இல்லை. பெயரில்லாத அத்துறையைச் சுமந்துகொண்டு ஹோண்டா தாயகம் திரும்பினார்.

செண்டாய் நகரில் புதிய பல்கலைக்கழகம்

ஜப்பானின் வடகிழக்கே செண்டாய் என்னும் நகரம் உள்ளது. டோக்கியோ, கியோட்டோ ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவதாகத் தொஹோகு பேரரசுப் பல்கலைக்கழகம் 1907-இல் நிறுவப்பெற்றது. 1911-இல் செண்டாயில் அதன் அறிவியல் பிரிவு தொடங்கியபோது ஹோண்டா அங்கே இயற்பியல் பேராசிரியரானார். தலைநகரின் பெரும்பதவிகளுக்குத் தொலைவிலுள்ள குளிர் மிகுந்த ஊர். மரபோ பெருமையோ இல்லாத புதுக் கூடம். மரபு இல்லாமையே அதற்கு ஒரு வகையில் நன்மையாயிற்று. 1913-ஆம் ஆண்டில் மூன்று பெண்களை மாணவியராகச் சேர்த்து, ஜப்பானில் பெண்களுக்குக் கதவு திறந்த முதற் பல்கலைக்கழகம் என்னும் சிறப்பை அது பெற்றது. அம்மூவருள் ஒருவரான சிக்கா குரோடா பின்னாளில் புகழ்பெற்ற வேதியியலறிஞர் ஆனார். தம் ஆய்வு முடிவுகளை ஐரோப்பிய மொழிகளில் அச்சிட்டு உலகெங்கும் அனுப்பும் ஏடு ஒன்றையும் தொஹோகு தொடக்கத்திலேயே நடத்திற்று.

அவ்வேட்டில் 1915-ஆம் ஆண்டு ஹோண்டா ஒரு கருவியை விவரித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் வெப்பத் துலாக்கோல். துலாக்கோலின் ஒரு முனையில் ஆராய வேண்டிய பொருளைத் தொங்கவிட்டு, அதனைச் சுற்றி மின்னுலையை அமைத்தார். உலை மெல்ல மெல்லச் சூடேறும்போதே பொருளின் எடையும் இடையறாது அளக்கப்படும். சுண்ணாம்புக்கல் எந்த வெப்பநிலையில் கரியமில வாயுவை விடுகிறது, ஓர் உப்பு எந்த வெப்பநிலையில் தன்னுள் இருக்கும் நீரை இழக்கிறது என்பவற்றை எடைக் குறைவே காட்டிக்கொடுத்துவிடும். இன்று மருந்து, சிமென்ட், பிளாஸ்டிக் முதலியவற்றை ஆராயும் கூடங்களில் கணிப்பொறியோடு இணைந்து இயங்கும் நுண்கருவிகள் அந்தத் துலாக்கோலின் வழிவந்தவையே.

இரும்பு பற்றிய ஒரு வழக்கு

அக்காலத்து உலோகவியலறிஞரிடையே ஒரு பெருவழக்கு நடந்துவந்தது. இரும்பைச் சூடாக்கிக்கொண்டே போனால் ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் அது காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கிறது. 910 பாகையை ஒட்டி அதன் உள்ளமைப்பே மாறுகிறது. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட இரும்பு தனியொரு வகை என்று பிரெஞ்சு அறிஞர் ஆஸ்மோண்டு கூறினார். சூடான எஃகை நீரில் தோய்த்தால் கடினமாவதற்கும் அந்தத் தனிவகை இரும்பே காரணம் என்றார். ஐரோப்பாவில் இக்கருத்து செல்வாக்குப் பெற்றிருந்தது.

ஹோண்டா இதனை ஏற்கவில்லை. 770 பாகையில் நேர்வது உள்ளமைப்பின் மாற்றம் அன்று. காந்தத் தன்மை படிப்படியாகக் குறைந்து மறைவது மட்டுமே என்று தம் அளவீடுகளைச் சான்றாக வைத்து வாதிட்டார். கிழக்கு நாட்டு இளம் பல்கலைக்கழகத்திலிருந்து எழுந்த இக்குரலை உடனே ஒப்புக்கொண்டோர் சிலர், மறுத்தோர் பலர். 1921-ஆம் ஆண்டையொட்டி ஸ்வீடன் நாட்டு வெஸ்ட்கிரென் ஊடுகதிர்களைச் செலுத்தி இரும்பின் அணு அடுக்கை நேரில் ஆராய்ந்தார். 770 பாகைக்குக் கீழும் மேலும் அடுக்கு ஒன்றே என்பது தெளிவாயிற்று. ஹோண்டாவின் கூற்று நிலைபெற்றது. 1922-இல் இங்கிலாந்தின் இரும்பு எஃகுக் கழகம் தன் உயர்ந்த விருதாகிய பெஸ்ஸமர் பதக்கத்தை அவருக்கு வழங்கியது.

போர் தந்த நெருக்கடி

1901-ஆம் ஆண்டில் யவாட்டா என்னுமிடத்தில் அரசாங்க எஃகாலையை ஜப்பான் இயக்கத் தொடங்கியிருந்தது. எனினும் நுட்பமான எஃகு வகைகளுக்கும் கருவிகளுக்கும் வேதிப்பொருள்களுக்கும் அந்நாடு மேலைநாடுகளையே, சிறப்பாக ஜெர்மனியையே, எதிர்பார்த்திருந்தது. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மனி பகைநாடாயிற்று, கப்பல்கள் நின்றன, சரக்கு வரவில்லை. பிறர் செய்து தந்ததை வாங்கிப் பயன்படுத்துவது அறிவாகாது என்னும் உண்மை அந்நாட்டு ஆட்சியாளருக்கும் தொழிலதிபர்க்கும் அப்போதுதான் உறைத்தது.

வராமற்போன பொருள்களுள் ஒன்று காந்த எஃகு. தொலைபேசியின் கேட்குங்குழல், மின்மானி, மோட்டார் இயந்திரங்களுக்குத் தீப்பொறி தரும் மக்னீட்டோ ஆகிய யாவற்றுக்கும் நிலைக்காந்தம் இன்றியமையாதது. தூய இரும்பு விரைவில் காந்தமாகும். விரைவில் அதனை இழந்தும்விடும். கடினமான எஃகோ மெல்ல ஏற்கும். ஏற்றதை எளிதில் விடாது. அதன் காந்தத்தை அழிக்க முயலும் எதிர்ப்புலத்தை எந்த அளவுக்குத் தாங்கி நிற்கிறது என்பதே நிலைக்காந்தத்தின் தரத்தைக் காட்டும். அந்நாளில் டங்ஸ்டன் கலந்த எஃகே இத்துறையில் முதன்மை பெற்றிருந்தது.

1916-ஆம் ஆண்டு தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஒரு தற்காலிக ஆய்வுப் பிரிவு தொடங்கப்பெற்று ஹோண்டாவின் பொறுப்பில் விடப்பட்டது. அதற்குப் பொருளுதவி செய்தவர் கிச்சிசாயமோன் சுமிடோமோ. அவருடைய குடும்பம் 1691-ஆம் ஆண்டு முதல் பெஸ்ஸி செம்புச் சுரங்கத்தை நடத்தி வந்த பழைய வணிகக் குடும்பம்.

1917-இல் ஹோண்டாவும் அவருடைய துணைவர் டகாகியும் புதியதோர் எஃகை உருவாக்கினர். இரும்போடு நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை கோபால்ட்டும், அதனினும் குறைந்த அளவில் டங்ஸ்டன், குரோமியம், கரி ஆகியனவும் சேர்ந்த கலவை அது. தக்கவாறு சூடேற்றித் தோய்த்தபோது, டங்ஸ்டன் எஃகினும் மூன்று மடங்கு எதிர்ப்புலத்தை அது தாங்கியது. உலகில் அன்றுவரை அறியப்பட்ட நிலைக்காந்தப் பொருள்களுள் அதற்கு ஈடான ஒன்று இல்லை. உதவியவரின் பெயருக்குரிய இரு முதலெழுத்துகளால் அதற்குக் கே.எஸ். எஃகு என்று பெயரிடப்பட்டது. இறக்குமதி நின்றதால் பிறந்த ஆய்வு, பிற நாடுகள் தேடி வந்து பெறும் பொருளைத் தந்தது.

ஆய்வகம் எழுந்தது

கண்டுபிடிப்பு ஒன்று வெற்றி பெற்றால் அதனைச் செய்தவரைப் பாராட்டி, பரிசு தந்து, அத்துடன் நின்றுவிடுவது எளிது. ஹோண்டா அதில் நிறைவடையவில்லை. ஒரு கலவை கிடைத்தது நல்வாய்ப்பு. நூறு கலவைகளை முறையாகத் தேடும் இடம் வேண்டும் என்று அவர் கருதினார். 1919-இல் தற்காலிகப் பிரிவு இரும்பு எஃகு ஆய்வகமாக உயர்ந்தது. அவரே முதல் இயக்குநர். 1922-இல் ஏனைய உலோகங்களும் அதன் எல்லைக்குள் சேர்க்கப்பட்டன. அதே 1919-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பிரிவும் தோன்றியது. அறிவியலும் பொறியியலும் ஒரே வளாகத்தில் அண்டை வீட்டாராக வாழ்ந்தன.

தொழில் என்பது கல்விக்கு ஏற்ற பயிற்சிக்களம் என்பது ஹோண்டாவின் புகழ்பெற்ற கூற்று. மற்போர் பயில்பவன் களத்தில் இறங்கியே தன் வலிமையை அறிவதுபோல, ஆய்வாளன் தொழிற்சாலையின் தேவைகளோடு மோதியே தன் அறிவின் உண்மையை அறிவான் என்பது அதன் பொருள். இக்கூற்றைச் சிலர் வணிகத்துக்குக் கல்வியை அடகு வைப்பதாகக் கருதலாம். ஹோண்டாவின் செயலை நோக்கினால் அவ்வாறு கருத இடமில்லை. தொழிற்சாலைக்காக ஒரு கையால் எஃகு செய்தவர், மறு கையால் பயனேதும் உடனே தராத அடிப்படை ஆய்வையும் நடத்தினார். 1926-இல் அவரும் செய்ஜி காயாவும் ஒற்றைப் படிக இரும்பை ஆராய்ந்து, படிகத்தின் ஒரு திசையில் காந்தம் எளிதாகவும் மறு திசையில் அரிதாகவும் ஏறுவதைக் காட்டினர். எந்த ஆலையும் அன்று இதனைக் கேட்கவில்லை. ஆயினும் காந்தப் பொருளறிவின் அடித்தளங்களுள் ஒன்றாக அது விளங்குகிறது.

ஆய்வகத்தில் அவருடைய ஆட்சிமுறை மிக எளியது. நாள்தோறும் ஒவ்வொரு மாணவரின் மேசைக்கும் சென்று, "எப்படிப் போகிறது?" என்று கேட்பார். மறுநாளும் வருவார், அதே கேள்வியைக் கேட்பார். முன்னாள் சொன்ன விடையையே மீண்டும் சொல்ல எவருக்கும் மனம் வராது. அதட்டலும் ஆணையும் இன்றி அந்த ஒரு கேள்வியே ஆய்வகத்தை இயக்கியது என்று அவருடைய மாணவர்கள் நினைவுகூர்வதுண்டு. மாணவன் தன் பணியைத் தன்னைவிட மதிக்கும் ஒருவர் நாளை வருவார் என்று அறிந்திருப்பது எத்துணைப் பெரிய ஊக்கம் என்பதைப் பிள்ளை வளர்ப்போர் அறிவர்.

முந்தப்பட்ட போது

1931-ஆம் ஆண்டு ஹோண்டாவின் வாழ்வில் இரு நிகழ்ச்சிகளை ஒருசேரக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஃபிராங்கிளின் கழகம் எலியட் கிரெசன் பதக்கம் அளித்துச் சிறப்பித்த ஆண்டு அது. தொஹோகு பல்கலைக்கழகத்தின் தலைவராக அவர் பொறுப்பேற்ற ஆண்டும் அதுவே. நம் நாட்டுத் துணைவேந்தர் பதவிக்கு ஒப்பானது அப்பொறுப்பு.

அதே ஆண்டில் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் டோகுஷிச்சி மிஷிமா, இரும்போடு நிக்கலும் அலுமினியமும் சேர்த்து எம்.கே. எஃகு என்னும் புதிய காந்தப் பொருளைக் கண்டார். விலை மிகுந்த கோபால்ட் அதில் இல்லை. ஆற்றலோ கே.எஸ். எஃகை விஞ்சியது. பின்னாளில் உலகெங்கும் ஒலிபெருக்கிகளில் இடம்பெற்ற அல்நிக்கோ காந்தங்கள் இவ்வழியில் தோன்றியவை. பதினான்கு ஆண்டுகள் முடிசூடியிருந்த எஃகு அரியணையை இழந்தது.

அறுபதைக் கடந்தவர், பதக்கங்கள் குவிந்தவர், ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர். அந்நிலையில் உள்ளவர் தம் பழைய புகழைக் காக்கப் புதியதைக் குறைகூறுவதும் உண்டு. வயதைக் காட்டி ஒதுங்குவதும் உண்டு. ஹோண்டா உலைக்குத் திரும்பினார். மசுமோட்டோ, ஷிரகாவா ஆகியோருடன் இணைந்து, கோபால்ட், நிக்கல், டைட்டானியம் ஆகியன சேர்ந்த மற்றொரு கலவையை 1933-இல் உருவாக்கினார். புதிய கே.எஸ். எஃகு எனப்பட்ட அது பழைய எஃகைப் பன்மடங்கு விஞ்சி நின்றது. அவ்வெற்றி ஹோண்டா என்னும் தனிமனிதர்க்குரியதாக மட்டும் இருந்திருப்பின் நாம் அதனைப் பெரிதும் பேச வேண்டுவதில்லை. அறைகூவல் வந்தபோது அதனை ஏற்கும் கருவிகளும் துணைவர்களும் பழக்கமும் ஆய்வகத்தில் முன்னரே ஆயத்தமாயிருந்தன என்பதே கருதத்தக்கது.

தலைமைப் பொறுப்பில்

1931 முதல் 1940 வரை அவர் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்தார். தலைவரான பின்னும் ஆய்வகத்துக்குச் செல்வதையும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்பதையும் அவர் நிறுத்தவில்லை. உலோக ஆய்வகம் நன்கு இயங்கிய முறையைப் பிற துறைகளும் பின்பற்றின. அவருடைய தலைமைக் காலத்தில், 1935-இல், மின்சாரச் செய்தித் தொடர்புக்கென ஓர் ஆய்வகம் தொஹோகுவில் நிறுவப்பட்டது. அதற்குத் தளம் அமைத்தவர்கள் பொறியியல் பிரிவைச் சேர்ந்தோர். நம் வீட்டுக் கூரைகளில் தொலைக்காட்சிக்காக நட்டுவைத்த, மீன்முள் போன்ற ஆன்டெனாவை நாம் மறந்திருக்க மாட்டோம். அதனை 1926-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய யாகியும் உடாவும் அப்பிரிவினரே.

1937-ஆம் ஆண்டு ஜப்பானிய உலோகக் கழகம் நிறுவப்பட்டு ஹோண்டா அதன் முதல் தலைவரானார். அவ்வாண்டிலேயே ஜப்பானிய அரசு கலைக்கும் அறிவுக்கும் உரிய பண்பாட்டு விருதை முதன்முறையாக வழங்கியது. ஒன்பதின்மர் பெற்றனர். அவர்களுள் நாகவோகாவும் ஒருவர், ஹோண்டாவும் ஒருவர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆசானும் மாணவருமாய் ஒரே மேசையில் இரும்புக் கம்பியின் நீளத்தை அளந்தவர்கள் ஒரே அவையில் ஒரே விருதைப் பெற்றனர். கல்வியுலகில் இதனினும் இனிய காட்சி அரிதே.

மாணவருள் பலரும் ஆசானுக்குப் பெருமை சேர்த்தனர். மசுமோட்டோ வெப்பத்தால் நீளம் மாறாத சூப்பர் இன்வார் என்னும் கலவையைக் கண்டார். செண்டாய் நகரின் பெயரைத் தாங்கிய செண்டஸ்ட் என்னும் காந்தப் பொருளும் 1930-களில் அவரால் உருவானதே. அது பிற்காலத்தில் ஒலிநாடாப் பதிவுக் கருவிகளின் முனைகளில் பயன்பட்டது. ஒற்றைப் படிக இரும்பை ஆராய்ந்த செய்ஜி காயா 1957 முதல் 1963 வரை டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கினார். ஆக, ஓர் ஆய்வகம் எஃகை மட்டுமன்றிப் பல்கலைக்கழகங்களை நடத்தும் தலைவர்களையும் வடித்துத் தந்தது.

ஒரு கடினமான வினா

இவ்வளவும் கூறியபின் ஒரு வினாவை எழுப்பாமல் விடுவது நேர்மையாகாது. 1937-இல் ஜப்பான் சீனாவின்மீது முழுப்போர் தொடுத்தது. அப்போரும் அதனைத் தொடர்ந்த இரண்டாம் உலகப்போரும் ஆசிய மக்களுக்கு விளைத்த துயர் அளவிடற்கரியது. எஃகும் காந்தமும் மின்கருவியும் போருக்கும் அடிப்படைகளாயிற்றே! ஒலிபெருக்கியில் அமரும் காந்தமே போர் விமானத்தின் பொறியிலும் அமர்கிறது. தொழிலைக் கல்வியின் பயிற்சிக்களம் என்றவர், அத்தொழில் எதற்குப் பயன்படுகிறது என்பதையும் பயிற்சியின் ஒரு பாடமாக வைத்தாரா?

அவர் காலத்துப் பேரரசுப் பல்கலைக்கழகங்கள் அரசின் தேவைகளைக் கேள்விக்குட்படுத்தும் நிலையில் இருக்கவில்லை என்று கூறி இவ்வினாவைக் கடந்துவிடலாம். நாம் அவ்வாறு கடக்க விரும்பவில்லை. பொருளின் வலிமையை அளக்க அருமையான கருவிகளைச் செய்த ஒரு தலைமுறை, அதிகாரத்தின் நோக்கத்தை அளக்கும் கருவி ஒன்றையும் வைத்திருக்கவில்லை. இக்குறை ஹோண்டா ஒருவருடையது அன்று. ஜப்பான் ஒன்றினுடையதும் அன்று. அக்கால ஐரோப்பாவின் பெரும் ஆய்வகங்களும் இதற்கு விலக்கல்ல. 1945 ஜூலையில் குண்டுவீச்சால் செண்டாய் நகரின் நடுப்பகுதி எரிந்தது. அறிவுக்கூடங்கள் நிறைந்த ஊரும் போரின் நெருப்பிலிருந்து தப்பவில்லை. பொறியியல் பயிலும் இளைஞர் ஹோண்டாவின் உழைப்பைக் கற்கும்போதே இந்த வினாவையும் உடன் கற்பது நன்று.

இறுதி ஆண்டுகள்

போருக்குப் பின் ஜப்பானின் கல்வி முறை மாற்றியமைக்கப்பட்டது. டோக்கியோவில் 1881-ஆம் ஆண்டு, இயற்பியல் பட்டதாரிகள் 21 பேர் கூடித் தொடங்கிய ஒரு பள்ளி இருந்தது. அயல்மொழியில் தாம் கற்ற அறிவியலைத் தாய்மொழியில் பிறர்க்குக் கற்பிக்கவேண்டும் என்னும் ஆர்வத்தால் அவர்கள் நிறுவியது அது. 1949-இல் அப்பள்ளி டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகமாக மலர்ந்தபோது, அதன் முதல் தலைவராக எழுபத்தொன்பது வயது ஹோண்டா அழைக்கப்பட்டார். 1953 வரை அப்பணியாற்றினார். 1954 பிப்ரவரி 12-ஆம் நாள், எண்பத்து மூன்றாம் வயதில் காலமானார்.

எஞ்சியது எது?

ஹோண்டாவின் கே.எஸ். எஃகை இன்று எவரும் செய்வதில்லை. அதனை வென்ற எம்.கே. எஃகும் பின்தள்ளப்பட்டது. அல்நிக்கோவும் பெரும்பாலான இடங்களில் பிற காந்தங்களுக்கு வழிவிட்டது. 1982-ஆம் ஆண்டில் நியோடிமியம், இரும்பு, போரான் ஆகியன சேர்ந்த காந்தம் ஒன்று தோன்றிற்று. இன்றைய மின்சார வண்டிகளும் காற்றாலைகளும் கணிப்பொறித் தட்டுகளும் கைப்பேசிகளும் அதனை நம்பியே இயங்குகின்றன.

அக்காந்தத்தைக் கண்டோருள் முதன்மையானவர் மசாட்டோ சகாவா. 2022-இல் பொறியியலுக்கான எலிசபெத் அரசி பரிசைப் பெற்றவர். அவர் முனைவர் பட்டம் பெற்றது தொஹோகு பல்கலைக்கழகத்தில். அக்காந்தத்தை உருவாக்கியபோது அவர் பணியாற்றியது சுமிடோமோ குழுமத்தைச் சார்ந்த தனிவகை உலோக நிறுவனத்தில். 1916-இல் ஒரு வணிகர் உதவ, ஒரு பேராசிரியர் தொடங்கிய முயற்சியின் இரு கிளைகளும் அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒரு மனிதரிடத்தில் வந்து கூடின. செண்டாய் ஆய்வகமோ 1987-இல் பொருளாய்வு நிறுவனம் என்று பெயர் மாற்றம் பெற்று இன்றும் இயங்கி வருகிறது.

வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைக் கல்விக்கு ஈந்த பெரியோர் நம் சமுதாயத்திலும் உண்டு. அவர்கள் எழுப்பிய கட்டடங்களில் கற்றோர் நம்மில் ஆயிரக்கணக்கினர். கட்டடம் எழுந்தபின் அதனுள் என்ன நடக்கவேண்டும் என்பதைச் செண்டாயின் வரலாறு சொல்கிறது. பட்டம் வழங்குவதோடு நில்லாமல், மாணவன் கையில் ஒரு தீராத வினாவைத் தரவேண்டும். அவ்வினா எம்மட்டில் இருக்கிறது என்று நாள்தோறும் வந்து கேட்க ஓர் ஆசான் வேண்டும். அந்த ஆசானே பதவியில் உயர்ந்தாலும் கேட்பதை நிறுத்தாதிருக்க வேண்டும். தம் கண்டுபிடிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை என்பதற்காக ஹோண்டா வருந்த வேண்டியதில்லை. அதனைப் பழமையாக்கும் ஆற்றலைத் தம் வழியினர்க்கே அவர் தந்துவிட்டுச் சென்றார்.